பழைய கணினிக்கு வேகமான யூஎஸ்பி போர்ட்: கார்ட் வாங்கமுதல் ஸ்லொட்டைப் பாருங்கள்

திருகோணமலை டைக் வீதியில், வீட்டு முன்னறையில் கணினி திருத்தும் வேலை செய்கிறேன். என் மேசைக்கு அதிகம் வருவது படம் பிடிக்கிறவர்களின் கணினிகள். கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோக்காரர், உப்புவெளியில் சுழியோடக் கூட்டிப்போகிறவர்கள், பத்திரகாளி அம்மன் திருவிழாவை வருஷா வருஷம் படமாக்கிச் சேர்த்துவைக்கிறவர்கள் என்று எல்லாருக்கும் ஒரே முறைப்பாடுதான்: "அண்ணை, கொப்பி பண்ணப் போட்டால் விடிஞ்சிரும்."

கணினி நன்றாகத்தான் ஓடும். எடிட்டிங்கையும் சமாளிக்கும். பின்னால் உள்ள யூஎஸ்பி போர்ட்தான் பழையது. புதுக் கணினி வாங்கு என்று யாரோ சொல்லியிருப்பார்கள். பல வேளை அது தேவையே இல்லை, பெட்டிக்குள் செருகினால் பின்னால் வேகமான யூஎஸ்பி போர்ட் தருகிற ஒரு சின்னக் கார்ட் போதும். ஆனால் எந்தக் கார்ட் என்பதைக் கடைக்குப் போகமுதல், பெட்டியைத் திறந்து பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். நம்மவர் பலர் கொழும்புக்குப் போகிற ஒருவரிடம் சொல்லி பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் எடுப்பிக்கிறார்கள். பிழையான கார்ட் வந்துசேர்ந்தால் அதை மாற்றுவதற்கு இன்னொருவர் கொழும்புக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டும். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கணக்கைப் பாருங்கள்

யூஎஸ்பி 2.0 வந்தது 2000-ஆம் ஆண்டில். நொடிக்கு 480 மெகாபிட் என்று எழுதியிருக்கும், கொப்பி பண்ணும்போது கிடைப்பது நொடிக்கு 30 முதல் 40 எம்பிதான் (எம்பி என்பது மெகாபைட், 8 மெகாபிட் சேர்ந்தது ஒரு எம்பி). 2008-ல் வந்த யூஎஸ்பி 3.0 நொடிக்கு 5 ஜிகாபிட். நல்ல எஸ்எஸ்டி (சுற்றுகிற தட்டு இல்லாமல் சிப்பிலேயே பதியும் டிஸ்க்) ஒன்றைச் செருகினால் 400 எம்பிக்கு மேலும் போகும். சாதாரண போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் என்றால் 110 எம்பி அளவில் நிற்கும், ஏனென்றால் உள்ளே சுற்றுகிற தட்டால் அதற்கு மேல் கொடுக்க முடியாது.

இப்போது ஒரு கல்யாணத்தை எடுங்கள். நொடிக்கு 100 மெகாபிட் வைத்து 4கே பிடித்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 45 ஜிபி. இரண்டு கமரா, மூன்று மணித்தியாலம் என்றால் 270 ஜிபி. இதைப் பழைய போர்ட் வழியே 35 எம்பி வேகத்தில் ஹார்ட் டிஸ்க்குக்கு அனுப்ப இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். அதே ஹார்ட் டிஸ்க்கை யூஎஸ்பி 3.0-ல் போட்டால் 40 நிமிஷ வேலை. மாப்பிள்ளை வீட்டார் மறுநாளே துண்டு வீடியோ கேட்கிற காலத்தில் இந்த வித்தியாசம் பெரிய வித்தியாசம்.

ஆனால் 10 ஜிகாபிட், 20 ஜிகாபிட் என்று பெட்டியில் போட்டிருக்கும் கார்டை வாங்கினால் இன்னும் வேகம் கூடும் என்று நினைத்துவிடாதீர்கள். 2009-ல் பாலம் திறக்கமுதல் கிண்ணியாவுக்குப் போனவர்களுக்குத் தெரியும்: பஸ் எவ்வளவு வேகமாய் வந்தாலும், துறையில் பாதை (ஆட்களை அக்கரைக்கு ஏற்றிச்செல்லும் மிதவை) ஏற்றிக்கொண்டு போகிற அளவுக்குத்தான் ஆட்கள் அக்கரை சேர்ந்தார்கள். கணினியிலும் தரவு ஒரு வரிசையாகப் போகிறது. கமரா மெமரி கார்ட், ரீடர், கேபிள், போர்ட், கார்டில் உள்ள சிப், மதர்போட் ஸ்லொட், கடைசியாக உள்ளே இருக்கும் டிஸ்க். இதில் எது மிக மெதுவோ அதுதான் உங்கள் வேகம்.

உதாரணத்துக்கு, இங்கே பழைய பெட்டிகளில் நிறையக் காணப்படும் எச்61 மதர்போட்டை எடுங்கள். அதில் யூஎஸ்பி 3.0 இல்லை. உள் டிஸ்க்குகளைச் செருகும் சாட்டா இணைப்புகளும் 3 ஜிகாபிட் மட்டும்தான். உள்ளே எஸ்எஸ்டி போட்டாலும் 270 எம்பி அளவில் நின்றுவிடும். அந்தப் பெட்டிக்கு 10 ஜிகாபிட் கார்ட் போட்டால் காசுதான் வீண். சாதாரண 5 ஜிகாபிட் கார்டே அந்த எஸ்எஸ்டியை நிரப்பிவிடும். உள்ளே இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் ஓடுகிறது என்றால் முதல் செலவு எஸ்எஸ்டிக்கு, அதற்குப் பிறகுதான் கார்டுக்கு.

ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடுங்கள்

இன்டெல் பக்கத்தில் சிப்செட்டோடேயே (மதர்போட்டின் இணைப்புகளை நடத்தும் சிப்) யூஎஸ்பி 3.0 வரத் தொடங்கியது 2012-ல், 7 தொடர் சிப்செட்டுகளில். எச்77, பி75 போன்ற போட் உங்களிடம் இருந்தால் பின்பக்கத்தில் நீலப் போர்ட் இருக்கும். பலர் கவனிக்காத இன்னொன்று மதர்போட்டின் மேலேயே இருக்கும்: இரண்டு வரிசையில் 19 ஊசி (பின்) கொண்ட, சுற்றிலும் பிளாஸ்டிக் மதிலுள்ள ஒரு செவ்வகச் சொக்கெட். முன்பக்கப் போர்ட்டுகளுக்கான இணைப்பு அது. கேசிங் பழையதாக இருந்தால் அது சும்மா கிடக்கும். அதில் செருகி, பின்பக்கத் தகட்டில் இரண்டு போர்ட் வெளியே வருகிற கேபிள் தகடு தனியாக விற்கிறார்கள். அது போதும், கார்டே வேண்டாம்.

அலுவலகங்களிலிருந்து வரும் பாவித்த கணினிகளிலும் இதைப் பார்க்க வேண்டும். டெல் ஒப்டிபிளெக்ஸ் 7010-ல் யூஎஸ்பி 3.0 இருக்கிறது. அதே போலத் தோற்றமுள்ள 390, 790 இரண்டிலும் இல்லை. வெளியே பார்த்தால் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும், ஸ்டிக்கரில் உள்ள இலக்கத்தைப் படியுங்கள்.

யூஎஸ்பி ஹப் வாங்கிச் சமாளிக்கலாமா என்று கேட்கிறவர்களும் உண்டு. யூஎஸ்பி 3.0 ஹப்பைப் பழைய கறுப்புப் போர்ட்டில் செருகினால் அந்த 480 மெகாபிட்டைத்தான் எல்லாப் போர்ட்டும் பங்குபோடும். போர்ட் எண்ணிக்கை கூடும், வேகம் கூடாது.

ஸ்லொட்

கரண்டைக் கழற்றி, இடப்பக்க மூடியைத் திறந்து, போனில் வெளிச்சம் போட்டுப் பாருங்கள். கார்ட் செருகும் பள்ளங்கள் இரண்டு மூன்று வகையாக இருக்கும். மிகக் குட்டையானது, ஒரு அங்குலம் அளவே நீளமுள்ளது, பிசிஐ எக்ஸ்பிரஸ் எக்ஸ்1. நீளமானது எக்ஸ்16, கிராபிக்ஸ் கார்ட் போடுகிற இடம். நீளமாய், பெரும்பாலும் வெள்ளையாய், வெட்டு வேறிடத்தில் இருந்தால் அது பழைய பிசிஐ. பழைய பிசிஐயின் மொத்த வேகமே நொடிக்கு 133 எம்பி, அதையும் மற்றக் கார்டுகளோடு பங்குபோட வேண்டும். அந்த ஸ்லொட் மட்டும்தான் இருக்கிறது என்றால் யூஎஸ்பி 3.0 எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

பிசிஐ எக்ஸ்பிரஸில் ஒரு லேனுக்கு (தரவு போகிற தடம், எக்ஸ்1-ல் ஒன்று) எவ்வளவு என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் தலைமுறையில் நொடிக்கு 250 எம்பி, இரண்டாவதில் 500, மூன்றாவதில் ஏறக்குறைய 985. ஜி31, ஜி41 போட்டுகளின் சின்ன ஸ்லொட் முதல் தலைமுறை. அதில் யூஎஸ்பி 3.0 கார்ட் போட்டால் 250-க்குள்தான் கிடைக்கும், நடைமுறையில் அதிலும் கொஞ்சம் குறையும். அப்படியென்றாலும் போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் பாவிக்கிறவருக்கு அது தாராளம். 35-ல் கிடந்தவர் 110-க்கு வருகிறார். அந்தக் கணினிகளை ஒதுக்கிவிடச் சொல்லி நான் யாருக்கும் சொல்வதில்லை.

எச்61-ன் சின்ன ஸ்லொட் இரண்டாவது தலைமுறை. 5 ஜிகாபிட் கார்டுக்கு அது சரியான சோடி. 10 ஜிகாபிட் வேகம் உண்மையாகவே வேண்டுமென்றால் மூன்றாவது தலைமுறையில் இரண்டு லேனாவது வேண்டும். அந்தக் கார்டுகள் பல எக்ஸ்4 நீளத்தில் வருகின்றன, எக்ஸ்1 பள்ளத்தில் ஏறாது. கிராபிக்ஸ் கார்ட் இல்லாதவர்கள் எக்ஸ்16 ஸ்லொட்டில் போடலாம். சின்னக் கார்ட் பெரிய ஸ்லொட்டில் தாராளமாக வேலைசெய்யும். ஆனால் சில பழைய போட்டுகள் அந்த ஸ்லொட்டில் எதையாவது கண்டதும் உள் கிராபிக்ஸை நிறுத்திவிடும், திரை கறுப்பாகும். கார்ட் போடமுதலே பயோஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) உள் கிராபிக்ஸை முதன்மையாக வைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

புதிய போட்டுகளில் இன்னொன்று: இரண்டாவது எம்.2 எஸ்எஸ்டி போட்டதும் ஏதோ ஒரு ஸ்லொட் செயலிழக்கும் வகையில் சில போட்டுகள் லேன்களைப் பங்குபோடுகின்றன. மதர்போட் கைநூலில் சிறிய எழுத்தில் இருக்கும். தேடிப் படியுங்கள்.

ஸ்லொட்டின் படத்தையும், பின்பக்கத் தகட்டின் உயரத்தையும், பவர் சப்ளையில் மிச்சமாகத் தொங்கும் வயர்களையும் போனில் எடுத்து, வாங்கப் போகிறவருக்கு அனுப்பிவிடுங்கள். ஒல்லியான அலுவலகப் பெட்டி என்றால் அரை உயரத் தகடு வேண்டும். நல்ல கார்டுகளின் பெட்டிக்குள் இரண்டு தகடும் இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

எந்தக் கார்ட்

பெயர்களால் ஏமாறாதீர்கள். யூஎஸ்பி 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 மூன்றும் ஒரே 5 ஜிகாபிட்தான். அட்டையில் எத்தனை ஜிகாபிட் என்பதை மட்டும் படியுங்கள். டைப்-சி என்பது வாயின் வடிவம், வேகத்துக்கு அது உத்தரவாதம் இல்லை. மலிவான கார்டில் டைப்-சி வாய் இருந்தாலும் உள்ளே 5 ஜிகாபிட்டாகத்தான் இருக்கும்.

நான் பார்ப்பது சிப்பின் மேலே உள்ள எழுத்து. ரெனெசாஸ் 720201 அல்லது 720202, வயா விஎல்805, ஏஎஸ்மீடியா, பிரெஸ்கோ லொஜிக் எஃப்எல்1100 என்றால் தெரிந்த சிப்புகள், டிரைவர் (கார்டை விண்டோஸ் இயக்க வேண்டிய மென்பொருள்) கிடைக்கும். ராஸ்பெரி பை 4-ல் போட்டதும் அந்த விஎல்805-தான். 10 ஜிகாபிட்டுக்கு ஏஎஸ்மீடியாவின் 3142 நல்லது. சிப்பின் பெயரைச் சுரண்டி அழித்த கார்டும் வருகிறது. அதைத் தொடவே வேண்டாம், நாளைக்கு டிரைவர் தேட வழியில்லை.

தண்டர்போல்ட் கார்ட் கேட்பவர்களுக்கு ஒரு வரி: அதற்கென்று தனி இணைப்பு உங்கள் மதர்போட்டில் இருந்து, தயாரிப்பாளரும் அந்தப் போட்டுக்கு ஏற்றது என்று சொல்லியிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

பாவித்த பொருட்களில் நீல யூஎஸ்பி வாயோடு ஒரு சின்னத் தகடு கிடைக்கும், எக்ஸ்1 ஸ்லொட்டில் சரியாகவும் ஏறும். கணினியால் டிஜிட்டல் நாணயம் தோண்டுகிறவர்கள் கிராபிக்ஸ் கார்டைத் தூரத்தில் வைக்கப் பாவித்த ரைசர் அது. அந்த வாயும் கேபிளும் யூஎஸ்பி போல இருந்தாலும் உள்ளே ஓடுவது யூஎஸ்பி இல்லை. உங்கள் ஹார்ட் டிஸ்க்கை அதில் செருகிவிடாதீர்கள்.

பவர்: இங்கேதான் பலருக்கு இடறுகிறது

பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லொட்டில் 12 வோல்ட் இருக்கிறது, 3.3 வோல்ட் இருக்கிறது. 5 வோல்ட் இல்லை. யூஎஸ்பிக்கு வேண்டியதோ 5 வோல்ட். ஆகவே கார்ட் அந்த 5 வோல்டை எங்கிருந்தாவது பெற வேண்டும். ஒன்று, பவர் சப்ளையிலிருந்து தனி வயர் வர வேண்டும், அல்லது ஸ்லொட்டின் 12 வோல்டைக் கார்டே 5 ஆக்கிக்கொள்ள வேண்டும்.

கணக்குப் போடுங்கள். யூஎஸ்பி 3.0 போர்ட் ஒன்று 900 மில்லிஅம்பியர் கொடுக்க வேண்டும், அதாவது 4.5 வாட். நாலு போர்ட்டும் முழுச்சுமையில் என்றால் 18 வாட். எக்ஸ்1 கார்ட் ஒன்று கணினி தொடங்கும்போது ஸ்லொட்டிலிருந்து எடுக்கலாம் என்று வகுத்திருப்பது 10 வாட். வெளி வயர் இல்லாத நாலு போர்ட் கார்டில் மவுஸும் பென் ட்ரைவும் பிரச்சினையின்றி ஓடும். இரண்டு போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்கைச் சேர்த்துப் போடுங்கள், ஒன்று தட்டைச் சுற்றத் தொடங்கும் நேரம் மற்றது "டிக், டிக்" என்று கழன்று கழன்று வரும். டிஸ்க் பழுது என்று நினைத்துப் பதறி என்னிடம் கொண்டுவருகிறார்கள். டிஸ்க்கில் ஒரு குறையும் இராது, கரண்ட்தான் போதவில்லை.

ஆகவே ஹார்ட் டிஸ்க் பாவிக்கிறவர்கள் சாட்டா பவர் சொக்கெட் உள்ள கார்டை வாங்குங்கள். மொலெக்ஸ் என்ற பழைய நாலு பின் சொக்கெட் உள்ளதும் சரிதான், ஆனால் டெல், எச்பி போன்ற கம்பனிப் பெட்டிகள் பலவற்றில் மொலெக்ஸ் வயரே வராது. மிச்ச வயர் எதுவும் இல்லாத பெட்டிக்கு, 12 வோல்டைத் தானே மாற்றிக்கொள்கிற கார்டை எடுத்து, ஒரு நேரத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க் என்று பழகுங்கள்.

மொலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் மலிவான துண்டு வயர்களில், சாட்டா தலை ஒரே பிளாஸ்டிக்காக வார்த்து மூடப்பட்டிருந்தால் வாங்காதீர்கள். உள்ளே வயர்கள் நெருங்கிக் கிடந்து, சூடேறி உருகி, தீப்பிடித்த சம்பவங்கள் உலகெங்கும் பதிவாகியிருக்கின்றன. ஒவ்வொரு வயரும் தனித்தனியாகக் கவ்வப்பட்டு, பின்மூடி கழற்றக்கூடியதாக இருக்கும் தலைதான் நல்லது. மொலெக்ஸைச் செருகும்போது பின்பக்கம் பாருங்கள். மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட். தள்ளுகிற வேகத்தில் சிவப்பு வயரின் ஊசி பின்னால் நழுவிவிட்டால் கார்ட் உயிர்பெறும், போர்ட்டில் மட்டும் கரண்ட் வராது. விரலால் வயர்களைப் பின்னிருந்து பிடித்துக்கொண்டு செருகுங்கள்.

பூட்டுவது

பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். ஸ்விட்சை மட்டும் அணைப்பது போதாது. கழற்றிய பிறகு கணினியின் பவர் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். மதர்போட்டில் சின்ன லைட் எரிந்துகொண்டிருந்தால் அது அணையும். கார்டைத் தொடமுதல் கேசிங்கின் பெயிண்ட் இல்லாத இரும்பில் கையை வையுங்கள். கார்டை எப்போதும் ஓரத்தில் பிடியுங்கள், தங்க நிறப் பற்களில் விரல் படக்கூடாது.

நம்மூரில் ஒரு வேலை மேலதிகம். கடல் மூன்று பக்கமும் சுற்றிய ஊர் இது. டச் பே பக்கம் ஜன்னலைத் திறந்து வைக்கிற வீடுகளிலும், உப்புவெளி, நிலாவெளிக் கரையோரத்திலும், கார்த்திகை மார்கழியில் வாடை அடிக்கும்போது உப்பு ஈரம் பெட்டிக்குள் போய்ப் படிகிறது. வருடக்கணக்கில் வெறுமையாகக் கிடந்த எக்ஸ்1 ஸ்லொட்டுக்குள் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். பளபளவென்று இருக்க வேண்டிய சின்னச் சின்னத் தொடுகம்பிகள் மங்கி, சிலவற்றின் தலையில் பச்சைப் புள்ளி இருக்கும். அப்படியே கார்டைச் செருகினால் கணினி அதைக் காணாது, அல்லது இன்றைக்குக் காணும் நாளைக்குக் காணாது. கார்ட் பழுது என்று திருப்பி அனுப்பியவற்றில் எத்தனையோ நல்ல கார்டுகள்.

ஐசோப்ரொப்பைல் அற்ககோலில் மெல்லிய, மயிர் உதிராத துணியைத் தொட்டு, கெட்டி மட்டையின் ஓரத்தில் சுற்றி ஸ்லொட்டுக்குள் நீளவாக்கில் மெதுவாக இழுத்தெடுங்கள். துணியில் கறுப்பும் பச்சையும் வரும். வருவது நிற்கும்வரை துணியின் புது இடத்தை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். பாவித்த கார்ட் என்றால் அதன் பற்களை மென்மையான வெள்ளை அழிறப்பரால், பல்லின் நீளப் போக்கில் தேய்த்துவிட்டு அற்ககோலால் துடைக்கலாம். மணல் கலந்த கடின அழிறப்பர் வேண்டாம், தங்கப் பூச்சு போய்விடும். முழுக்கக் காய்ந்த பிறகுதான் அடுத்த வேலை.

பின்பக்கத் தகட்டின் ஸ்குறூ துருப்பிடித்து அசையாது. எண்ணெய் ஸ்பிரேயைப் பெட்டிக்குள் அடிக்காதீர்கள். துணி முனையில் ஒரு துளி எண்ணெய் எடுத்து ஸ்குறூத் தலையைச் சுற்றித் தொட்டுவிட்டு, கொஞ்ச நேரம் விட்டு, தலைக்குப் பொருத்தமான ஸ்டார் டிரைவரால் அழுத்தித் திருப்புங்கள். தலை வழுக்கிப்போனால் வேலை இரட்டிப்பாகும். மலிவுக் கேசிங்குகளில் தகடு முறித்தெடுக்கிற மாதிரி இருக்கும். அதன் விளிம்பு கையை வெட்டும், குறட்டால் பிடித்து ஆட்டி எடுங்கள்.

கார்டை நேராக வைத்து இரண்டு முனையையும் சமமாக அழுத்துங்கள். "டக்" என்று உட்காருவது கையில் தெரியும். பிறகு ஸ்குறூவை இறுக்குங்கள், ஆனால் இறுக்கும்போது கார்டின் மறுமுனை மேலே கிளம்புகிறதா என்று பாருங்கள். கேசிங் நெளிந்திருந்தால் தகடு கார்டை இழுத்து, பற்களைப் பாதி வெளியே தூக்கிவிடும். அப்படியென்றால் தகட்டைக் கொஞ்சம் வளைத்துச் சரிசெய்யுங்கள். ஸ்குறூ போடாமல் விடுவது கூடவே கூடாது, ஒவ்வொரு முறை கேபிள் இழுக்கும்போதும் கார்ட் ஆடும்.

டிரைவர்

விண்டோஸ் 8-உம் அதற்குப் பிறகு வந்தவையும் யூஎஸ்பி 3.0-ஐத் தாமாகவே அடையாளம் காணும். லினக்ஸ் 2009-லிருந்தே காணும். விண்டோஸ் 7-க்கு மட்டும் சிப் தயாரித்தவரின் டிரைவர் வேண்டும், அதைப் பழைய போர்ட் வழியே முன்கூட்டியே போட்டுவையுங்கள். விண்டோஸ் 10-க்கான மைக்ரோசொஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், இணையத்தில் இருக்கும் பழைய பெட்டிகளுக்கு லினக்ஸைப் பற்றியும் யோசியுங்கள். பழைய பயோஸ் பல, கார்டில் செருகிய பென் ட்ரைவிலிருந்து கணினியைத் தொடக்காது. விண்டோஸ் போடும் பென்னை மதர்போட்டின் சொந்தப் போர்ட்டிலேயே செருகுங்கள்.

வேகம் வந்ததா?

ஒரு பெரிய வீடியோ கோப்பை, சில ஜிபியாவது உள்ளதை, கொப்பி பண்ணிப் பாருங்கள். ஆயிரம் சின்னப் படங்களை வைத்துச் சோதித்தால் எந்தப் போர்ட்டிலும் மெதுவாகத்தான் தெரியும். தொடக்கத்தில் கோடு உயரப் பறந்து பிறகு இறங்குவது நினைவகத்தின் வேலை, இறங்கி நிலையாக நிற்கிற எண்ணைத்தான் எடுக்க வேண்டும். 35 எம்பிக்குப் பக்கத்திலேயே நின்றால் இணைப்பு யூஎஸ்பி 2.0-ஆக விழுந்திருக்கிறது.

காரணம் கேபிளாக இருக்கலாம், செருகிய விதமாகவும் இருக்கலாம். யூஎஸ்பி 3.0 தலைக்குள் உற்றுப் பாருங்கள். முன்னே நாலு தொடுகம்பிகள், அவை பழைய யூஎஸ்பி 2.0-க்கு உரியவை. அவற்றுக்கும் உள்ளே, நாக்கின் பின்கோடியில், இன்னும் ஐந்து இருக்கின்றன. வேகம் அந்த ஐந்தில்தான். தலையை மெதுவாக, தயங்கித் தயங்கிச் செருகினால் முன் நாலும் முதலில் தொட்டு, கணினி அதைப் பழைய சாதனமாகவே பதிந்துகொள்ளும். கழற்றி, ஒரே தள்ளில் முழுக்கச் செருகுங்கள். உப்பு பிடித்த சொக்கெட்டிலும் இதே கதைதான், உள்ளே இருக்கும் ஐந்தில் ஒன்று தொடாவிட்டால் போதும்.

சுழியோடுகிறவர்களுக்குக் குறிப்பாக ஒன்று. ஈரக் கையோடு, கடல் தண்ணீர் பட்ட ரீடரைப் போர்ட்டில் செருகாதீர்கள். ரீடரைத் துடைத்துக் காயவைத்துச் செருகுங்கள். பாவிக்காத போர்ட்டுகளுக்குச் சிலிக்கன் மூடி மலிவாகக் கிடைக்கிறது, வாங்கிப் போடுங்கள்.

ஸ்லொட் முழு வேகத்தில் இணைந்ததா என்று பார்க்க ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் உதவும். கார்டின் பெயருக்குக் கீழே எத்தனை லேன், எந்த வேகம் என்று காட்டும். எச்61-ல் ஒரு லேன், 5.0 என்று வர வேண்டும். 2.5 என்று வந்தால் பயோஸில் பிசிஐ எக்ஸ்பிரஸ் வேகத்தை ஓட்டோவில் (Auto) வையுங்கள், அதிலும் மாறாவிட்டால் ஸ்லொட்டை இன்னொரு தரம் துடையுங்கள்.

போர்டபிள் டிஸ்க் வேலை செய்யத் தொடங்கியதும் வயர்லெஸ் மவுஸ் தடுமாறினால் பயப்பட வேண்டாம். யூஎஸ்பி 3.0 ஓடும்போது 2.4 ஜிகாஹேர்ட்ஸில் இரைச்சல் எழுகிறது, இன்டெல் 2012-லேயே இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. மவுஸின் ரிசீவரை முன்பக்கப் போர்ட்டுக்கு மாற்றுங்கள், அல்லது ஒரு சின்ன நீட்டுக் கேபிளில் தள்ளி வையுங்கள்.

கொப்பி பாதியில் டிஸ்க் கழன்று போகிறதென்றால் இந்த ஒழுங்கில் பாருங்கள். முதலில் கேபிளை மாற்றுங்கள், முடிந்தவரை குட்டையானதாக. பிறகு கார்டுக்குப் போகும் பவர் வயரைக் கழற்றிச் செருகுங்கள். விண்டோஸ் பவர் அமைப்பில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை (சும்மா இருக்கும் யூஎஸ்பி சாதனத்தைத் தூங்கவைக்கும் வசதி) நிறுத்திவிடுங்கள். அடுத்து அதே டிஸ்க்கை வேறொரு கணினியில் போட்டுப் பாருங்கள். அங்கே கழலாமல் ஓடினால், கார்டை வேறு ஸ்லொட்டில் போட்டு ஒரு பெரிய கொப்பியை முழுக்க ஓடவிடுங்கள். அதிலும் கழன்றால் கார்ட்தான் பிழை. பில்லோடு திருப்பிக் கொடுத்து மாற்றி வாங்குங்கள், அதுவரை கல்யாணப் படங்களை அந்தக் கார்ட் வழியே அனுப்பாமல் பழைய போர்ட்டிலேயே கொப்பி பண்ணுங்கள்.